குண்டு பாய்ந்த குரல்

பழைய எம்.ஜி.ஆர். படங்களை வீட்டில் போட்டுப் பார்க்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள்.

1965-ம் ஆண்டு வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் ஒரு குரல் கேட்கிறது. 1971-ம் ஆண்டு வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் வேறு ஒரு குரல் கேட்கிறது. முதல் குரல் கணீர் என்று இருக்கும். இரண்டாவது குரல் சற்றுக் கம்மி, நாக்குத் தடித்தாற்போல் வரும்.

முகம் அதே முகம். சிரிப்பு அதே சிரிப்பு. சண்டையில் அதே வேகம். குரல் மட்டும் மாறிவிட்டது.

வயதானதால் மாறிய குரல் அல்ல அது. ஒரு மாலைப் பொழுதில், ஒரு நொடியில் மாறிய குரல். அந்த நொடி, பரங்கிமலைக்குப் பக்கத்தில் உள்ள ராமாவரம் தோட்டத்தில் வந்தது.

நடிகருக்குப் பேச்சுத்தான் மூலதனம். மேடைப் பேச்சாளருக்கும் அதுவே மூலதனம். எம்.ஜி.ஆர். இரண்டுமாக இருந்தவர். அந்த மூலதனம் பறிபோன பிறகும் அவர் 20 ஆண்டு காலம் மக்கள் மனத்தில் உயர்ந்துகொண்டே போனார். அது எப்படி நடந்தது?

பசியும் நாடகமும்

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன், 1917-ம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ந் தேதி, இலங்கையில் கண்டிக்கு அருகே உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தகப்பனார் கோபால மேனன். தாயார் சத்தியபாமா. அண்ணன் சக்கரபாணி.

ராமச்சந்திரன் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய சிறிது காலத்திலேயே தகப்பனார் இறந்துவிட்டார். சத்தியபாமா அம்மாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார்.

குடும்பத்தில் வறுமை. தாயார் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். ராமச்சந்திரன் கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஓடவில்லை. வயிறு படிப்பை முந்திக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு புகலிடம் இருந்தது. அதுதான் பாய்ஸ் கம்பெனி. சிறு பையன்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்து, ஊர் ஊராக நாடகம் நடத்துவார்கள். அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள்.

பாய்ஸ் கம்பெனியில் ஒரு பையனுக்கு மதிப்பு அவன் குரலை வைத்துத்தான். ஒலிபெருக்கி எல்லா இடத்திலும் இல்லாத காலம். கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வசனம் கேட்க வேண்டும். மீசை அரும்பும் வயதில் குரல் உடைந்தால் பல பையன்களுக்கு நல்ல வேஷம் போய்விடும். குரல் என்பது சோறு. அந்தப் பாடத்தை எம்.ஜி.ஆர். சிறு வயதிலேயே கற்றார்.

பதினோரு ஆண்டு காத்திருப்பு

1936-ம் ஆண்டு 'சதி லீலாவதி' படம் வெளிவந்தது. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அதில் எம்.ஜி.ஆருக்குச் சின்ன வேஷம்; போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். அதுதான் முதல் படம்.

முதல் படம் கிடைத்ததும் கதாநாயகன் ஆகிவிடவில்லை. சின்னச் சின்ன வேஷங்களிலேயே 11 ஆண்டுகள் ஓடிவிட்டன. 1947-ம் ஆண்டு ஜூபிடர் கம்பெனியின் 'ராஜகுமாரி'யில்தான் கதாநாயகன் ஆனார். அப்போது அவருக்கு வயது 30.

பிறகு ஏற்றம்தான். 'மந்திரி குமாரி', 'மர்மயோகி', 'மலைக்கள்ளன்', 'மதுரை வீரன்' என்று படங்கள் வரிசையாக வந்தன. 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', முழு நீள வண்ணத் தமிழ்ப் படம்.

1958-ம் ஆண்டு ஒரு பெரிய துணிச்சலில் இறங்கினார். 'நாடோடி மன்னன்' படத்தைத் தாமே தயாரித்தார். தாமே டைரக்ட் செய்தார். இரட்டை வேடத்தில் தாமே நடித்தார். கையில் இருந்ததை எல்லாம் அதில் கொட்டினார். படம் விழுந்திருந்தால் அவரும் விழுந்திருப்பார். படம் வென்றது.

மறு ஆண்டு ஒரு விபத்து. சீர்காழியில் நாடகம் நடந்துகொண்டிருந்தது. பருத்த உடம்புக்கார நடிகர் ஒருவரைத் தூக்கும் காட்சியில் எம்.ஜி.ஆரின் கால் முறிந்தது. இனிமேல் சண்டைக் காட்சியில் நடிக்க மாட்டார் என்று பலர் நினைத்தார்கள். சில மாதம் படுக்கையில் இருந்தார். எழுந்து வந்து மறுபடியும் சண்டை போட்டார்.

கால் முறிந்தால் எலும்பு சேர்ந்துவிடும். அடுத்து வந்த ஆபத்து அப்படிப்பட்டதல்ல.

ராமாவரத்தில் ஒரு மாலை

1967-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பொதுத் தேர்தல். எம்.ஜி.ஆர். அப்போது தி.மு.க.வில் இருந்தார். பரங்கிமலைத் தொகுதியில் அவர் வேட்பாளர். அவருடைய வீடும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. ராமாவரம் தோட்டம் என்று பெயர். மரம், செடி, கொடி நிறைந்த பெரிய தோட்டம். தோட்டத்துச் சாப்பாட்டுப் பந்திக்குப் பேர் உண்டு.

ஜனவரி மாதம் 12-ந் தேதி. பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. மாலை வேளையில் நடிகர் எம்.ஆர்.ராதா ஒரு படத் தயாரிப்பாளருடன் தோட்டத்துக்கு வந்தார். பேச்சு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று துப்பாக்கி வெடித்தது.

எம்.ஜி.ஆரின் இடது காதருகே குண்டு பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதாவின் உடம்பிலும் குண்டுக் காயம். இருவரையும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து சென்னைப் பொது ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். இருவரும் உயிர் பிழைத்தார்கள். பிற்பாடு வழக்கு நடந்தது. ராதாவுக்கு 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல் கோர்ட்டில் அது குறைக்கப்பட்டது.

செய்தி பரவியதும் நகரமே கலங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் கூடினார்கள். மறுநாள் அவருடைய 'தாய்க்குத் தலைமகன்' படம் வெளியாயிற்று. திரையில் அவர் பாடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் பேச முடியாமல் படுத்திருந்தார்.

பேசாமல் கேட்ட ஓட்டு

தேர்தல் நெருங்கியது. வேட்பாளரால் தொகுதிக்கு வர முடியாது. வந்தாலும் பேச முடியாது.

அவருக்குப் பதிலாக அவருடைய போட்டோ தொகுதிக்கு வந்தது. கழுத்தில் பெரிய கட்டு. ஆஸ்பத்திரிக் கோலம். கை கூப்பிய நிலை. அந்தப் படத்தைச் சுவரொட்டியாக அடித்து ஊரெங்கும் ஒட்டினார்கள். பரங்கிமலை வட்டாரத்துத் தாய்மார்கள் அந்தச் சுவரொட்டிக்கு முன் நின்று கண்ணீர் விட்டார்கள்.

எம்.ஜி.ஆர். 27 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி ஏற்பட்டது. அண்ணா முதல் மந்திரி ஆனார்.

ஆனால் குரல் திரும்பவில்லை. இடது காது கேட்கும் சக்தியை இழந்தது. பேச்சு குழறியது. சில எழுத்துகள் நாவில் நிற்கவில்லை.

சினிமாவில் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. வாய் அசைத்தால் போதும். வேறு ஒருவரைப் பேசவைத்து ஒட்டிவிடலாம். நன்றாகப் பேசக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள்.

எம்.ஜி.ஆர். அந்த வழிக்குப் போகவில்லை. இரவல் குரல் வேண்டாம் என்று முடிவு செய்தார். பேச்சுப் பயிற்சி எடுத்தார். குழந்தை பேசக் கற்பதுபோல் மறுபடியும் வசனம் பேசக் கற்றார். அப்போது அவருக்கு வயது 50.

அதே ஆண்டு செப்டம்பரில் 'காவல்காரன்' வெளிவந்தது. அந்தப் படத்தின் சில காட்சிகள் குண்டு பாய்வதற்கு முன்பு எடுக்கப்பட்டவை. மற்றவை பின்பு எடுக்கப்பட்டவை. கூர்ந்து கேட்டால் ஒரே படத்தில் இரண்டு குரலும் கேட்கும். ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. படம் பெரிய வெற்றி அடைந்தது.

பாட்டுக்கு மட்டும் ஆபத்து வரவில்லை. அவருக்காகப் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். வசனத்தில் தடுமாறும் கதாநாயகன் பாட்டு வந்ததும் கம்பீரமாக முழங்குவார். வீட்டில் உட்கார்ந்து அமைதியாகப் படம் பார்க்கும்போது இந்த வேற்றுமை நன்றாகத் தெரியும். கொட்டகையில் விசில் சத்தத்தில் தெரியாது.

எழுபதுகளின் எம்.ஜி.ஆர்.

1970-ல் 'மாட்டுக்கார வேலன்', 'எங்கள் தங்கம்'. 1971-ல் 'குமரிக் கோட்டம்', 'நீரும் நெருப்பும்'. 1972-ல் 'நல்ல நேரம்', 'இதய வீணை'. 1974-ல் 'உரிமைக்குரல்'. 1975-ல் 'இதயக்கனி', 'பல்லாண்டு வாழ்க'. இன்று ரசிகர்கள் விரும்பித் தேடும் இந்த எழுபதுகளின் படங்கள் அனைத்தும் குண்டு பாய்ந்த குரலில் பேசப்பட்டவை.

'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக, இந்தியாவிலேயே சிறந்த நடிகர் என்ற தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது. பரிசு பெற்ற நடிப்பில் உள்ள குரலும் அந்தக் குரல்தான்.

இவற்றில் தனிக் கதை உடையது 'உலகம் சுற்றும் வாலிபன்'.

ஜப்பான் நாட்டு ஒசாகா நகரில் 1970-ம் ஆண்டு மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை உலகப் பொருட்காட்சி நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் பொருட்காட்சி அது. 77 நாடுகள் கலந்துகொண்டன. ஆறு மாதத்தில் 6 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். எம்.ஜி.ஆர். ஒரு சிறிய குழுவோடு அங்கே போய்ப் படம் எடுத்தார். சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், தாய்லாந்து நாடுகளிலும் படப்பிடிப்பு நடந்தது. தயாரிப்பாளரும் அவரே. டைரக்டரும் அவரே.

கதை இதுதான். முருகன் என்ற விஞ்ஞானி மின்னலின் சக்தியைப் பிடித்துவைக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். அது கெட்டவர் கையில் சிக்கக்கூடாது என்று ரகசியத்தைப் பல நாடுகளில் ஒளித்துவைக்கிறார். அவரைக் காணவில்லை. தம்பி ராஜு தேடிப் புறப்படுகிறான். அண்ணன், தம்பி இருவரும் எம்.ஜி.ஆர்.

பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் இருந்தவர்களுக்கு விமானம் புதிதல்ல. மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேதான் பறந்தன. ஆனால் அதில் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர்? எம்.ஜி.ஆர். அவர்களை ஒரு சினிமா டிக்கெட் விலையில் ஜப்பானுக்கு அழைத்துப் போனார்.

சுவரொட்டி இல்லாத படம்

படம் முடிவதற்குள் அரசியல் மாறிவிட்டது. அண்ணா 1969-ல் காலமானார். கருணாநிதி முதல் மந்திரி ஆனார். கணக்குக் கேட்டதில் தகராறு முற்றி, 1972-ம் ஆண்டு அக்டோபர் மாதம் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ந் தேதி அ.தி.மு.க.வைத் தொடங்கினார்.

கட்சி புதியது. கையில் உள்ளதோ முடியாத படம். ஆளும் கட்சியோடு நேருக்கு நேர் மோதல். படம் வெளிவருமா வராதா என்று ஊரெல்லாம் பந்தயம் கட்டாத குறை. படத்தைப் பற்றி விதவிதமான வதந்திகள் உலாவின.

1973-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி படம் வெளியாயிற்று. சென்னையில் சுவரொட்டி ஒட்டவில்லை. சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள்தான் விளம்பரம். மற்றதை ரசிகர்களின் வாய் பார்த்துக்கொண்டது. புறநகர்க்காரர்கள் தாம்பரம் மின்சார ரெயிலில் நகரத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். மவுண்ட் ரோடு தேவி பாரடைசில் படம் 182 நாள் ஓடியது.

படம் வெளியான ஒன்பதாம் நாள், மே 20-ந் தேதி, திண்டுக்கல் பாராளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். புதுக் கட்சிக்கு அது முதல் தேர்தல். இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் ஜெயித்தார்.

நான்கு ஆண்டுக்குப் பின், 1977-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, எம்.ஜி.ஆர். முதல் மந்திரி ஆனார். 1978 பொங்கலுக்கு வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'தான் அவர் நடித்து வெளிவந்த கடைசிப் படம். 42 ஆண்டு நடிப்பு அத்தோடு முடிந்தது. அவருடைய ஆட்சியைப் பற்றிப் பாராட்டுவோரும் உண்டு. குறை சொல்வோரும் உண்டு. 1982-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை மட்டும் குறை சொன்னவர்களும் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். கும்பகோணத்தில் பசியோடு பள்ளிக்கூடம் போன பையன் போட்ட திட்டம் அது.

டெக் வந்த காலம்

அந்தச் சமயத்தில் ஒரு புதிய சாமான் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. வீடியோ கேசட்.

வி.எச்.எஸ். கேசட்டை 1976-ல் ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. புத்தகம் போன்ற ஒரு பெட்டி. உள்ளே அரை அங்குல அகலக் காந்த நாடா. அதைப் போட்டு ஓட்டும் கருவியை நம் ஊரில் டெக் என்றார்கள்.

சொந்தமாக டெக் வாங்க எல்லோராலும் முடியாது. வாடகைக்கு எடுப்பார்கள். டெலிவிஷன் பெட்டி, டெக், மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகை. ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துத் தெருவே உட்கார்ந்து பார்க்கும். விடிய விடிய மூன்று படம். அவற்றில் ஒன்றாவது எம்.ஜி.ஆர். படமாக இருக்கும்.

அதே கேசட் 1984-ல் எம்.ஜி.ஆரின் வாழ்க்கையிலும் நுழைந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். சிறுநீரகம் பழுதடைந்தது. பக்கவாதமும் தாக்கியது. சென்னை அப்போலோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நவம்பர் மாதம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க் நகரில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தது. அண்ணன் சக்கரபாணியின் மகள் சிறுநீரகம் கொடுத்தார்.

இங்கே தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல். டிசம்பர் 24-ந் தேதி ஓட்டுப் பதிவு. தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்றே மக்களுக்குச் சந்தேகம். 1967-ல் தொகுதி பரங்கிமலை. வேட்பாளர் படுத்திருந்தது சென்னை ஆஸ்பத்திரியில். இப்போது தொகுதி ஆண்டிப்பட்டி. வேட்பாளர் படுத்திருந்தது 8 ஆயிரம் மைலுக்கு அப்பால்.

ஆஸ்பத்திரியில் அவரை வீடியோப் படம் எடுத்தார்கள். அவர் உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடுகிறார், படிக்கிறார். அவ்வளவுதான் படம். கதை இல்லை. சண்டை இல்லை. பாட்டு இல்லை. அதைத் தமிழ்நாடு முழுவதும் போட்டுக் காட்டினார்கள். 17 ஆண்டுக்கு முன்பு போட்டோ செய்த வேலையை இப்போது கேசட் செய்தது. ஒரு நாளும் பிரசாரத்துக்கு வராத வேட்பாளர் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அவர் கட்சிக் கூட்டணியும் ஜெயித்தது.

1985-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ந் தேதி அவர் திரும்பி வந்தார். பரங்கிமலை ராணுவ மைதானத்தில் ஜனங்கள் கடல்போல் திரண்டிருந்தார்கள். முதல் முதலாக அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய மண் அது. மேடையில் நின்று கும்பிட்டார். பேச்சு முன்னைக் காட்டிலும் தளர்ந்திருந்தது. பார்த்ததே போதும் என்று ஜனங்கள் வீடு திரும்பினார்கள்.

1987-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ந் தேதி அதிகாலை, ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். காலமானார். வயது 70. மெரினாவில் அண்ணா சமாதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

வீட்டுக்குள் வந்த வாலிபன்

மனிதர் மறைந்தார். படங்கள் மறையவில்லை.

கேசட் தேய்ந்தது. ஒரு கேசட்டைப் பார்த்து இன்னொரு கேசட், அதைப் பார்த்து மற்றொன்று என்று பிரதி எடுத்ததில் வண்ணம் மங்கியது. சத்தத்தில் இரைச்சல் சேர்ந்தது. ஏற்கனவே குண்டால் அடிபட்ட குரல், நாடாத் தேய்மானத்தால் இரண்டாம் முறை அடிபட்டது. ஆனாலும் பார்த்தார்கள். பாதி வசனம் மனப்பாடம். காதில் சரியாக விழாவிட்டாலும் மனம் நிரப்பிக்கொண்டது.

கேசட்டுக்குப் பிறகு வி.சி.டி. தகடு வந்தது. பிறகு டி.வி.டி. வந்தது. பாட்டி பார்த்த படத்தைப் பேரன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். 2021-ம் ஆண்டு 'உலகம் சுற்றும் வாலிபன்' டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் கொட்டகைக்கு வந்தது. கீறல் நீங்கியது. ஒசாகாவின் விளக்குகள் புது வெளிச்சம் பெற்றன.

பரங்கிமலை ஜோதி, பல்லாவரம் ஜனதா, தாம்பரம் நேஷனல் என்று கொட்டகைப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பழைய ரசிகர்கள் பேசுவதுண்டு. எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்தச் சண்டை எந்த நாட்டில் எடுத்தது என்று வாதம் வளரும். மகனுக்கும் தகப்பனாருக்கும் ஒத்துப்போகாத வீட்டில்கூட, பொருட்காட்சிக் காட்சி வந்ததும் இருவரும் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

படம் தெளிவானதில் இன்னொன்றும் நடந்தது. குரலும் தெளிவாகக் கேட்கிறது. எந்த எழுத்தில் நாக்கு இடறுகிறது, எந்த வார்த்தையை மூச்சுப் பிடித்துச் சொல்கிறார் என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்பதை, அந்தக் காலத்தில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவரைவிட, இன்று வீட்டில் பார்ப்பவர் நன்றாக அறிய முடியும். பத்துப் பேரை ஒரு கையால் அடிக்கும் வீரன் சினிமாவில்தான் உண்டு. உடைந்த குரலை மறைக்காமல் ஊர் முன் பேசிய வீரன் நிஜமாகவே இருந்தான்.

தோட்டத்தில் ஒரு பள்ளி

கிண்டியில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர். சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்கும் 2019-ல் அவர் பெயர் வைக்கப்பட்டது. கோயம்பேடு பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். இவை எல்லாம் மற்றவர்கள் அவருக்குச் செய்தவை.

அவராகச் செய்த ஒன்று உண்டு.

இறந்த ஆண்டின் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். ஓர் உயில் எழுதினார். ராமாவரம் தோட்டத்தில், காது கேளாத, வாய் பேச முடியாத குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று அதில் ஏற்பாடு செய்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தப் பள்ளி அங்கே அமைந்தது. ஏழைக் குழந்தைகள் தங்கிப் படிக்க விடுதியும் சேர்ந்தது.

எத்தனையோ நல்ல காரியங்களுக்குச் சொத்தை எழுதிவைக்கலாம். அவர் இந்தக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். ஒரு காது கேளாமல், நாக்குப் புரளாமல் 20 ஆண்டு வாழ்ந்தவருக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

அந்தத் தோட்டத்தில்தான் 1967-ல் துப்பாக்கி வெடித்தது. அங்கேதான் இந்தக் குழந்தைகள் விரலாலும் உதட்டாலும் பேசக் கற்கிறார்கள்.